கன அடிக்கு ஓர் உரை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டால் சென்னைவாசிகள் அனைவருக்கும் மனப்பாடமாகிவிடும் செய்தி ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் இத்தனை அடியை எட்டிவிட்டது; வினாடிக்கு இத்தனை கன அடி உபரிநீர் திறந்துவிடப்படுகிறது; அடையாற்றின் கரையோரம் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவேண்டும். எண்கள் ஆண்டுதோறும் மாறும், வாக்கியம் மாறுவதில்லை. செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்வதையே தொழிலாகக் கொண்டவனுக்கு எந்த வாக்கியத்தைக் கண்டாலும் ஒரு கேள்வி எழும். அகப்பாடலுக்குக் கேட்பதுபோல, இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று? கூற்று ஏரியைக் கண்காணிக்கும் பொறியாளருடையது, அதில் ஐயமில்லை. கேட்போர் யார் என்பதில்தான் சிக்கல். கோட்டூர்புரத்திலோ ஜாபர்கான்பேட்டையிலோ தரைத்தளத்தில் குடியிருப்பவர்தான் கேட்போர் என்றால், இந்த வாக்கியம் அவருக்கு என்ன சொல்கிறது?

முதலில் பதவுரையைப் பார்த்துவிடலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். சென்னையின் ஒரு மாதக் குடிநீருக்கு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் நிறைந்த செம்பரம்பாக்கம் என்பது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குடிநீர். 24 அடி ஆழம் இருக்க, 22 அடியிலேயே ஏன் கவலை தொடங்குகிறது? ஏரி கிணற்றைப் போன்றதன்று, தாம்பாளத்தைப் போன்றது. மேலே போகப்போக விரியும். கடைசி இரண்டு அடிக்குள் அடங்கும் நீர், அடியிலுள்ள இரண்டு அடிக்குள் அடங்குவதைப் போலப் பல மடங்கு. அந்த இரண்டடி இடைவெளிதான் அடுத்து வரும் பெருமழைக்கு ஏரி விட்டுவைத்திருக்கும் இடம்.

உபரிநீரை வெளியேற்ற அங்கே ஐந்து கண் மதகு ஒன்றும், பத்தொன்பது கண் மதகு ஒன்றும் உள்ளன. மதகின் திறப்பைக் 'கண்' என்று சொல்லும் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆழம் 24 அடி, கண்கள் 24. இதில் பொருத்தம் எதுவும் இல்லை. மாணவர்களுக்கு மனத்தில் நிற்கும் என்பதால் சொல்வதுண்டு.

அடுத்தது 'கன அடி'. ஒரு கன அடி நீர் என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ இரண்டு குடம். வினாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் வினாடிக்கு ஈராயிரம் குடம். இவ்வாறு பெருக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ஓரளவுக்கு மேல் குடமும் உதவாது. சென்னையில் எல்லாருக்கும் தெரிந்த இன்னோர் அளவு தண்ணீர் லாரி. 12,000 லிட்டர் லாரி தெருவுக்குள் நுழைந்தால் வீடே எழுந்து வாசலுக்கு ஓடும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து படிப்படியாக ஏற்றப்பட்டுக் கடைசியில் திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடி. லாரிக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு வினாடியும் அறுபத்தெட்டு லாரிகள். இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் சில நூறு லாரிகள் போயிருக்கும்.

அன்றிரவு எங்கள் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். முதுகலையில் எனக்குச் சிந்தாமணி நடத்தியவர். ஓய்வுபெற்றபின் கோட்டூர்புரத்தில், ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் குடியிருந்தார். நான் மந்தைவெளியில். மின்சாரம் போய் இரண்டு மணி நேரமாகியிருந்தது. "இருபத்தொன்பதாயிரம் என்கிறார்களே ஐயா, அது நம் வாசற்படிக்கு எவ்வளவு?" என்றார். தம்மிடம் படித்தவர்களையும் 'ஐயா' என்றே அழைக்கும் வழக்கம் அவருக்கு. எனக்கு விடை தெரியவில்லை. எனக்கென்ன, அந்த எண்ணைச் செய்தியில் கேட்ட எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எண் இருந்தது, அதைத் தெருவின் அளவாக மாற்றிச் சொல்லும் உரை இல்லை. "கிளம்பி இங்கே வந்துவிடுங்கள்" என்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, இந்த மழையில் எப்படி என்று தயங்கினார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

நள்ளிரவுக்குப் பின் நீர் வந்தது. மாடியில் இருந்த குடும்பம் இருவரையும் மேலே ஏற்றிக்கொண்டதால் உயிருக்குப் பழுதில்லை. புத்தகங்கள்தாம் போயின. பேராசிரியர் குள்ளமானவர். அன்றாடம் எடுக்கும் நூல்களையெல்லாம் கைக்கெட்டும்படி கீழ்த்தட்டுகளிலும், மரியாதைக்காக வைத்திருந்தவற்றை மேல்தட்டிலும் அடுக்கியிருந்தார். ஆகவே அவர் உண்மையில் வாசித்தவை அனைத்தும் போயின, வாசிக்காதவை பிழைத்தன. நான்கு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார். "திருத்தக்கதேவர் கரைந்துவிட்டார் ஐயா. கம்பர் மேலே இருந்தார், தப்பித்தார்." ஊறி உப்பிய புத்தகங்கள் அலமாரிச் சட்டத்தை நெருக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றன. சட்டத்தை உடைத்துத்தான் எடுத்தோம். ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதியிருந்த குறிப்புகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நாள்களின் பிற விவரங்கள் பலருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அதற்கு முந்தைய நவம்பரிலேயே நகரில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்திருந்தது; 1918-க்குப் பின் அப்படியொரு நவம்பர் இல்லை. 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' நாளேடு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தை ஆறு எட்டிப் பிடித்தது. (அடிகளார் இருந்திருந்தால் 'கன அடி' என்பதில் பாதி வடமொழி என்று கண்டித்து வேறு சொல் ஆக்கித் தந்திருப்பார். பொருள் விளங்கும்படியும் ஆக்கியிருப்பார் என்று நம்ப ஆசை.)

மதகை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அது அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டு, ஏரிநீரைக் கையாண்ட முறையைக் குறைகூறியது. பெய்த மழை அத்தகையது, திறப்பது தவிர்க்க முடியாதது என்பது மறுதரப்பு. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அடையாற்றில் அன்று ஓடியது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளிலிருந்தும், ஏரிகளாக இருந்து மனைகளாகிவிட்ட நிலங்களிலிருந்தும் வந்த நீர் ஆற்றில் முன்பே இருந்தது. அதற்கு மதகும் இல்லை, அறிவிப்பும் இல்லை. திருநீர்மலை அருகே இரண்டும் கலந்த பிறகு எந்த நீர் எந்த ஏரியினுடையது என்று பிரிக்க முடியுமா?

மதகைத் திறக்கத் தயங்கிய கையின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். முதல் ரயிலுக்கு மாலையெல்லாம் போட்டார்கள். அந்த 25 லட்சம் லிட்டர், 2015 டிசம்பரில் மதகு வழியே மூன்று வினாடியில் போன நீர். வீட்டில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒருவிதமான தலைசுற்றல் வந்தது. வெள்ளத்துக்கு இடம்விட ஏரி காலியாக இருக்கவேண்டும். கோடைக்கு ஏரி நிறைந்திருக்கவேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்திடம் கேட்கிறோம். டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் அடி நீரை வெளியேற்றிய பிறகு மழை நின்றுவிட்டால், மே மாதத்தில் அந்தப் பொறியாளரைத் திட்டப்போகிறவர்களும் நாம்தாம். சென்னையைப் பற்றிய புனைவுகளில் நீர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அது பற்றாக்குறையின் நாவல். இந்த ஊரின் மனத்தில் தண்ணீர் என்றால் முதலில் இல்லாமைதான்.

இந்த இருதலைக் கொள்ளி புதியதும் அன்று. தொண்டை நாட்டு ஏரிகளில் கரையின் ஒரு முனையில் கலங்கல் இருக்கும். கலிங்கு என்றும் சொல்வர். நீர் இந்த உயரத்துக்கு மேல் நிற்கலாகாது என்று கட்டப்பட்ட தாழ்ந்த கல்சுவர். மட்டம் ஏறினால் நீர் தானே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல கலங்கல்களின் மேல் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். பருவத்தின் கடைசியில் கற்களுக்கு நடுவே மண்ணும் தழையும் அடைத்து இன்னும் சற்று நீரைத் தேக்கிக்கொள்வார்கள். திடீரென்று பெருமழை பிடித்தால் ஓடிப்போய் அடைப்பைப் பிடுங்கவேண்டும். பேராசைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒரு முழம் மண். பிடுங்கவேண்டியவரின் வீடும் வயலும் அதே கரைக்குக் கீழே இருந்ததால், எந்த நேரத்தில் ஓடவேண்டும் என்பது அவருக்கு எண்ணாகச் சொல்லப்பட வேண்டியிருக்கவில்லை. கல்லின் எந்த வரை நனைந்தால் எந்த வயல் மூழ்கும் என்பது ஊருக்கே தெரியும்.

கரையைக் காப்பது எவ்வளவு உறங்காத வேலை என்பதற்கு அகநானூற்றில் நக்கண்ணையார் பாட்டு ஒன்று சான்று. மகளைக் காவல் காக்கும் தாய் உறக்கத்தை மறந்துவிட்டாள். சிறிய கரையையுடைய பெரிய குளத்தைக் காப்பவனைப் போல, என்கிறாள் தலைவி. களவுக் காதலின் இடையே ஏரிக் காவலன் வந்து நிற்பதை ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு நயமாக மட்டுமே சொல்லிவந்தோம். 2015-க்குப் பிறகு அந்த உவமையை நடத்தும்போது வகுப்பு சற்று அமைதியாகிவிடுகிறது. கபிலரோ பாரி மறைந்தபின் பறம்பு நாட்டின் துயரத்தைச் சொல்ல, வளைந்த கரையையுடைய ஒரு சிறு குளம் உடைந்துபோகும் நிலையில் கிடப்பதைக் காட்டுகிறார். ஓர் அரசன் இல்லாமற்போனதை ஒரு குளக்கரையின் உடைப்பால் அளந்த புலவர் அவர். பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. குடவோலையில் பெயர் எடுத்து, ஓராண்டுப் பொறுப்பு. மதுராந்தகத்தில், ஆண்டுதோறும் உடையும் ஏரிக்கரையை இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் காத்து நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டதாகச் செவிவழிக் கதை உண்டு. கோயிலில் இறைவன் பெயரே ஏரி காத்த ராமர். கதையில் எனக்குப் பிடித்த பகுதி தரிசனம் அன்று. கொட்டும் மழையில், நள்ளிரவில், அந்த வெள்ளைக்காரர் கரையைப் பார்க்கப் போயிருந்தார் என்பதுதான்.

பழையன எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஏரிகள் அன்றும் உடைந்தன. உடைப்பை அடைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளே அதற்குச் சான்று. நான் சொல்லவருவது தூரத்தைப் பற்றி. செம்பரம்பாக்கத்து மதகுக்கும் கோட்டூர்புரத்து வாசற்படிக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கீழே இருப்பவர் அந்தக் கரையை ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார். ஒருவருக்கு மட்டம் தெரியும், மற்றவருக்குத் தெரு தெரியும். இடையில் ஓர் எண் மட்டும் போய்வருகிறது.

தியாகராய நகரின் கதை சற்று வேறு. அங்கே ஏரியே தெருக்களுக்கு அடியில் இருக்கிறது. மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கமாக நீண்டு கிடந்த பழைய ஏரியை 1920-களில் வடித்து எழுப்பிய குடியிருப்பு அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். வான்சிறப்பு பாடியவருக்கு அது பொருத்தமான இடமா இல்லையா என்பதை வாசகர்களே முடிவுசெய்து கொள்ளலாம். 2021 நவம்பரில் தி. நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றபோது, செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்களாம் என்று என் அடுத்த வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அந்த நீர் அங்கேயே பெய்த மழைநீர். அது வடியவேண்டிய வழி மாம்பலம் கால்வாய். கால்வாய் சேருவது நந்தனம் அருகே அடையாற்றில். ஆறு நிறைந்து ஓடினால் கால்வாய்க்கு வாய் அடைத்துவிடும். இந்த வகையில் மட்டும், தூரத்து மதகுக்கும் பாண்டி பஜாருக்கும் உறவு உண்டு. ஆனால் இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லாத இடத்தில் வதந்தி உரை எழுதிவிடுகிறது.

2015-க்குப் பின் மாற்றம் இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே, மட்டம் 22 அடியைத் தொட்டதும் நண்பகலில் ஆயிரம் கன அடியில் தொடங்கி, படிப்படியாக 9,000 வரை உயர்த்தினார்கள். முன்கூட்டியே அறிவித்தார்கள். பேராசிரியர் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பைகளில் துணி, நான்கு பைகளில் புத்தகம். தெருவுக்கு நீர் வரவில்லை. "வீணாகக் கிளம்பிவிட்டேனோ?" என்று இரண்டு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரத்துக்குக் கிளம்ப வேண்டுமா, ஒன்பதாயிரத்துக்கா, இருபதாயிரத்துக்கா என்பது அவருக்கு அப்போதும் தெரியாது. பயம் அவரைக் கிளப்பியதே தவிர, செய்தி கிளப்பவில்லை. இரண்டு முறை வீணாகக் கிளம்பியவர் மூன்றாம் முறை கிளம்பமாட்டார்.

ஆகவே எனக்கு வேண்டுவது ஓர் உரை. பதவுரை இருக்கிறது: அடி, கன அடி, கொள்ளளவு. பொழிப்புரையும் இருக்கிறது: பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. நடுவே விளக்கவுரை இல்லை. இத்தனை ஆயிரம் கன அடி திறந்தால், ஆற்றில் ஏற்கெனவே இவ்வளவு ஓடுமானால், எத்தனை மணி நேரத்தில் சைதாப்பேட்டைப் பாலத்தின் எந்த மட்டத்தைத் தொடும். அது எந்தத் தெருமுனை, எத்தனையாவது படி. பாலத்தின் தூண்களில் வண்ணக் கோடு போட்டு, கோட்டுக்கு எதிரே தெருக்களின் பெயரை எழுதிவைப்பதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. கணக்குப்போடும் பொறியாளர்களிடம் நிலத்தின் மேடுபள்ளங்கள் அடங்கிய வரைபடங்கள் இப்போது இருக்கின்றன. அதைத் தெருவின் மொழியில் பெயர்த்து எழுத நாலு பேர் வேண்டும். தமிழ்த்துறைகளில் ஆள் இருக்கிறது, வேலைதான் இல்லை.

சென்ற ஆண்டு இளங்கலை முதலாண்டு வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். 2015 டிசம்பரில் உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், நீர் எதுவரை வந்தது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிவர வேண்டும். அடி, அங்குலம், மீட்டர் எதுவும் வரக்கூடாது. கண்ணால் கண்ட பொருளைக் கொண்டுதான் அளக்கவேண்டும். முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் எழுதி வந்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் நீர் வரவில்லை. ஈக்காட்டுத்தாங்கல்: தையல் இயந்திரத்தின் மேற்பலகை. ஜாபர்கான்பேட்டை: சுவாமி மாடத்துக்கு ஒரு சாண் கீழே. கோட்டூர்புரம்: தாத்தா படுத்திருந்த கட்டிலின் மெத்தை, பிறகு கட்டிலோடு தாத்தா மிதந்தது. மேற்கு மாம்பலம்: ஸ்கூட்டரின் சீட்டு. அடையாறு: எரிவாயு உருளையின் கழுத்து, அது விழுந்து மிதக்கத் தொடங்கும்வரை.

சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி இரண்டே வரி எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அம்மாவுக்குக் கழுத்து வரை, என்பது முதல் வரி. எனக்குத் தெரியாது, நான் அப்பாவின் தோளில் இருந்தேன், என்பது இரண்டாவது.